ஞாயிற்றுக்கிழமைத் தயிர்

லெனிக்சா என்ற கிருமியின் காப்புரிமை 2058 மார்ச் 9, சனிக்கிழமையோடு முடிந்தது. அதையொட்டிய பத்துப் பன்னிரண்டு நாட்களில் என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள், எனக்கு வேலை போனது, இருபத்தேழு லிட்டர் பாலை ஒரே நாளில் காய்ச்சினேன். முதலில் கிருமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குத்தான் இந்தக் கதையில் மரியாதை அதிகம்.

லெனிக்சா மாத்திரை இல்லை, ஒரு ஜீவராசி. கேப்ஸ்யூலை விழுங்கினால் குடலில் குடியேறி, முடக்குவாதத்துக்கான மருந்தை அங்கேயே தினமும் சுரந்து தரும். விரல்கள் மடங்கிப்போனவர்கள் ஒரே மாதத்தில் சட்டைப் பொத்தான் போட ஆரம்பிப்பார்கள். ஆனால் அதை உருவாக்கிய ஆல்டர்வெல் கம்பெனிக்காரர்கள் விவரமானவர்கள். கிருமி உயிரோடு இருக்க ஒரு தனிச் சர்க்கரை வேண்டும், அந்தச் சர்க்கரை கேப்ஸ்யூலில் மட்டும்தான் கிடைக்கும் என்று செய்துவைத்தார்கள். முப்பது நாளில் சர்க்கரை தீரும். கிருமி சாகும். அடுத்த கேப்ஸ்யூலுக்கு வந்து நில் என்பார்கள். விலையைக் கேட்டால் நன்றாக இருப்பவனுக்கே விரல் மடங்கும். அதனால் டென்மார்க்கில் மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு மட்டும்தான் அரசுச் செலவில் கிடைத்தது. இரண்டாம் நிலைக்காரர்கள் மூன்றாம் நிலைக்குப் போகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

நான் நிதிலன். ஊர் செங்கல்பட்டு. செய்யாறு பயோ என்ற நம்மூர் கம்பெனிக்காக டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்தில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பதுதான் வேலை. காப்புரிமை முடிந்த மறுவினாடி அதே மருந்தை மலிவாகக் களத்தில் இறக்க வேண்டும். இந்த நாட்டில் பதினாலு நாளுக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, மருந்துகளின் விலைப்பட்டியல் மாறும். அன்றைக்கு யார் விலை குறைவோ, மருந்துக் கடைக்காரர் அவருடைய டப்பாவைத்தான் எடுத்துக் கொடுப்பார். பதினாலு நாள் அவர் ராஜா. அடுத்த திங்கட்கிழமைப் பட்டியலில் இன்னொருத்தர் பத்துக் காசு குறைத்தால் புது ராஜா. மார்ச் 11 பட்டியலுக்கு எங்களோடு சேர்த்து ஆறு கம்பெனிகள் மோதக் காத்திருந்தன. அதுவரை நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எந்தத் தப்பும் செய்யாமல் இருப்பது.

நான் தப்புச் செய்கிறேனா என்று பார்க்க பிர்கிட்டே என்று ஒரு வக்கீலை ஆல்டர்வெல் வைத்திருந்தது. நான் அவரை நேரில் பார்த்ததில்லை. புதன்கிழமைதோறும் போன் செய்வார். விலை உயர்ந்த மொழிபெயர்ப்புக் கருவி வைத்திருந்ததால் அவர் மிரட்டல் எனக்குச் சுத்தச் செந்தமிழில் வந்து சேரும்.

"வணக்கம், நிதிலன் அவர்களே. தங்கள் நிறுவனம் ஒரே ஒரு நாள் முந்தினாலும் நீதிமன்றத்தில் தங்களை நசுக்குவோம் என்பதை அன்புடன் நினைவூட்டுகிறேன்."

"நன்றிங்க, நல்லா இருக்கேன்," என்று சொல்லி வைத்துவிடுவேன்.

ஒன்பது நாள் மிச்சமிருந்தபோது பக்கத்து வீட்டு பிரேபன் கதவைத் தட்டினார். எழுபத்தொரு வயது. கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் நிலை முடக்குவாதம். லெனிக்சா கேட்டு மருத்துவக் குழுவுக்கு மனுப்போட்டு இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டவர். என்னோடு பேசுவதற்காகத் தள்ளுபடியில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி வாங்கியிருந்தார். எந்தப் புண்ணியவான் அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தானோ, அது கோயம்புத்தூர்த் தமிழ் மட்டும்தான் பேசும். ஆறடி மூன்றங்குல டேனிஷ்காரர் வாயைத் திறந்தால் பொள்ளாச்சி பக்கத்து ஆள் மாதிரி இருக்கும்.

"ஏனுங்க நிதிலன், ஒரு சமாச்சாரம் காட்டோணும்," என்றார். கையில் மீன் ஊறுகாய் பாட்டில். மூடியைப் பிடித்தார், திருகினார், 'டப்' என்று திறந்தது. "ரெண்டு வருசமாச்சுங்க, நானே ஒரு மூடியத் தொறந்து."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "அடடே! லெனிக்சா கிடைச்சுதா? குழு ஒத்துக்கிச்சா?"

"குழு எங்கீங்க குடுத்துது? உங்க ஊட்டுக்காரம்மாதானுங்க குடுத்தாங்க."

"தாமிராவா? என்ன குடுத்தா?"

"தயிருங்க."

தாமிரா டிராம் ஓட்டுகிறவள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றவிடாமல் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு மூன்று வருஷத்துக்கு முன்பு விரல்கள் மொத்தமாக மடங்கிப்போய், மூன்றாம் நிலை என்று முத்திரை குத்தி, லெனிக்சா கொடுத்தார்கள்.

"எதுக்கு இப்பம் கத்துதே? அந்த கேப்ஸ்யூல் மேலோடு மாட்டு எலும்புல செஞ்சது. அட்டையில பொடி எழுத்துல போட்டிருக்கான். நான் முட்டையே தொடமாட்டேன், அதப் போயி முழுங்குவனா? பிரிச்சி, உள்ள இருக்க பொடிய மட்டும் எடுத்தேன்."

"பொடியை என்ன பண்ணினே?"

"வெதுவெதுப்பான பால்ல போட்டேன். வெறும் பால்ல போட்டா குமட்டுது. அதனால ஒரு கரண்டி பழைய மோரையும் ஊத்தி உறைய விட்டேன். நல்லா கெட்டியா, கத்தி வச்சு வெட்டுத மாதிரி விழுந்துச்சி."

"சரி. அடுத்த மாசம் அடுத்த கேப்ஸ்யூல்..."

"அடுத்த கேப்ஸ்யூல் எதுக்கு? முந்தின நாள் தயிர்ல ஒரு கரண்டி எடுத்து மறுநாளைக்கு உறை ஊத்துவோம்லா? அது பாட்டுக்கு வருது. பதினாலு மாசமா கடைப்பக்கமே போகல."

நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது நாளில் செத்திருக்க வேண்டிய கிருமி பதினாலு மாதமாக என் வீட்டு அடுப்படியில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது. நானும் தினமும் மதியம் அதையே சாதத்தில் பிசைந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் காப்புரிமையை மீறாமல் இருப்பதற்கு எனக்குச் சம்பளமோ, அதை என் வீட்டிலிருந்தே பக்கத்து வீடு வரை மீறியிருக்கிறோம்.

"பிரேபனுக்கு மட்டும்தானே குடுத்தே?"

"டிப்போவுல ஒரு ஆறேழு பேரு. பிரேபனோட தங்கச்சி. உறைக்குக் கொஞ்சம் தாங்கன்னு கேட்டு வாரவங்கள இல்லைன்னு அனுப்ப முடியுமா? நம்ம வழக்கமா அது?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சட்டம் பேசுவே. தயிரு புளிச்சிரும்."

பயந்துபோய் அன்றைக்கே சென்னைக்குப் போன் போட்டேன். என் மேலதிகாரி ஜெயசீலன் சார் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "ஒரு கரண்டி எடுத்து கோபன்ஹேகன்ல நம்ம ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு. யார்கிட்டயும் வாயத் திறக்காத. வெளிய ஒரு சொட்டு போகக்கூடாது," என்றார்.

நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் தேன்.

"நிதிலா, உன் சம்சாரம் என்ன பண்ணியிருக்கான்னு தெரியுமாய்யா? உங்க வீட்டுப் பழைய மோர்ல இருக்கிற கிருமி, அந்தச் சர்க்கரையைச் செஞ்சு லெனிக்சாவுக்கு ஊட்டி விடுது. ரெண்டும் கூட்டுக் குடித்தனம். சாகவே சாகாது. ஆல்டர்வெல் ஆயிரம் விஞ்ஞானிய வச்சு யோசிக்காததுய்யா! இது புதுப் பொருள். நம்ம பேர்ல காப்புரிமை போடறோம். திங்கட்கிழமை காலைல ம்யூனிக் காப்புரிமை ஆபீஸ்ல விண்ணப்பம். கண்டுபிடிச்சது நீயும் உன் சம்சாரமும். உனக்குச் சென்னையில துறைத்தலைவர் பதவி."

"சார், திங்கட்கிழமை நம்ம மலிவு மருந்து வருதே?"

"அது வராது. இருபது வருஷம் தனிக்காட்டு ராஜாவா இருக்கலாம்னா, பதினாலு நாள் ராஜா வேஷம் எதுக்கு?"

"நாம நிறுத்தினாலும் மிச்சம் அஞ்சு கம்பெனி விக்குமே சார்."

அவர் சிரித்தார். "இத்தனை வருஷம் இருந்தும் உனக்குத் தெரியாதா? அந்த அஞ்சு பேருமே நம்ம செய்யாறு ஆலையில வாங்கித்தான் டப்பா மாத்தி ஒட்டறாங்க. ஆறு டப்பா, ஒரே அடுப்பு. நாம மூடிட்டா ஐரோப்பாவுல யாருக்கும் இல்ல."

என் பன்னிரண்டு வருஷ உத்தியோகமும் அந்தச் சிரிப்பில் கரைந்தது. ஆறு பேர் அடித்துக்கொண்டு விலையைக் குறைக்கிறார்கள் என்று நான் எத்தனை கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருப்பேன்!

"ஒரே ஒரு சிக்கல்," என்றார். "ஐரோப்பாவுல விண்ணப்பத்துக்கு முன்னால ஒரு பொருள் வெளிய போயிருந்தா அதுக்குக் காப்புரிமை கிடையாது. ஒரே ஒரு ஆளுக்குத் தாராளமா குடுத்திருந்தாலும் போச்சு. அதனால இந்தத் தயிர் உன் வீட்டைத் தாண்டினதில்லன்னு ரெண்டு பேரும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"தாண்டிருக்கே சார்."

"குடுத்ததுக்கு ரசீது இருக்கா? தேதி இருக்கா? இல்லல்ல? அப்ப நடக்கவே இல்ல."

தாமிராவிடம் சொன்னேன். ஆசையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சென்னை, துறைத்தலைவர், அறையில் தனி ஜன்னல், எல்லாம் கண்முன் வந்துபோனது. அவளும் முதலில், "நெசமாவா? என் பேரும் போடுவாங்களா?" என்றுதான் கேட்டாள். அப்புறம் யோசித்தாள்.

"அப்பம் நாளைக்கு நான் உறை ஊத்துனா?"

"கம்பெனி அனுமதி வாங்கணும்."

"என் அடுப்படில, என் பால்ல?"

"ஆமா."

"நான் எல்லாருக்கும் குடுத்தத, குடுக்கவே இல்லைன்னு எழுதிக் குடுக்கணும்?"

"ஆமா."

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். தயிரை என் பக்கம் நகர்த்தவில்லை.

மறுநாள் பிரேபன் வந்தார். பழைய கப்பல் சிநேகிதர் வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டு வந்தாராம், பாத்திரத்தில் இருந்தது பூசணம் பிடித்துவிட்டதாம். ஒரு காலிக் கிண்ணத்தை நீட்டினார். "உறைக்குக் கொஞ்சூண்டு குடுத்தீங்கன்னா போதுமுங்க."

தாமிரா டிராம் ஓட்டப் போயிருந்தாள். தயிர்ப் பானை எனக்குப் பின்னால் மேடையில் இருந்தது. என் உடம்பு அதை மறைத்ததா என்றுகூடத் தெரியாது. "தீர்ந்துபோச்சு பிரேபன். இனிமே போடறதில்ல," என்றேன்.

அவர் பானையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரிங்க, பரவால்லீங்க," என்று கிண்ணத்தோடு போய்விட்டார். அந்தக் கருவி கொஞ்சம் கோபத்தையாவது மொழிபெயர்த்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை நான் வெளியே கிளம்பும்போது மாடிப்படியில் நின்றிருந்தார். மூன்று நாளாக யாரிடமும் எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. கோட்டு திறந்து கிடந்தது. வெளியே பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலே. தயிர் நின்ற ஒரே வாரத்தில் கைகள் பழையபடி கோழிக்கால் மாதிரி மடங்கியிருந்தன.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பொத்தான மட்டும் போட்டுடறீங்களா? பாலு வாங்கப் போகோணும்."

நாலு பொத்தான். ஒவ்வொன்றாகப் போட்டேன். கடைசிப் பொத்தான் கழுத்துக்கடியில் இருந்தது. அதைப் போடும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "சிரமம் குடுத்துட்டனுங்க," என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. வெளியே போகாமல் திரும்பி வந்து, பல் தேய்த்துக்கொண்டிருந்த தாமிராவின் முன்னால் நின்றேன்.

"கையெழுத்துப் போடமாட்டேன். ஆனா போடாம விட்டா மட்டும் போதாது. ஜெயசீலன் சார் நாம இல்லாமலே விண்ணப்பம் போடுவாரு. நாம அனுப்பின கரண்டித் தயிர் அவர்கிட்ட இருக்கு."

அவள் வாயில் நுரையோடு கண்ணால் கேட்டாள்: பிறகு?

"ஆல்டர்வெல் உரிமை சனிக்கிழமையோட முடியுது. செய்யாறு விண்ணப்பம் திங்கட்கிழமை. நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா கெடக்கு. அன்னிக்கு இது யாருக்கும் சொந்தமில்ல. அன்னிக்கு இதை ஊர் பூரா குடுக்கணும். வாங்கின ஒவ்வொருத்தர்கிட்டயும் பேர், தேதி, கையெழுத்து. அந்த நோட்டு ஒண்ணு போதும், உலகத்துல எவனாலயும் இதுக்குக் காப்புரிமை வாங்க முடியாது."

அவள் துப்பிவிட்டு முதல் வார்த்தை பேசினாள். "எத்தன லிட்டரு?"

வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்குச் செய்வதைச் சட்டம் கண்டுகொள்வதில்லை. வாசற்படியைத் தாண்டினால்தான் வம்பு. அதனால் சனிக்கிழமை முழுக்க வாசற்படியைத் தாண்டாமல் பால் காய்ச்சினோம். பிரேபனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல், "பாலு எத்தன சூட்டுல இருக்கோணும்னு தெரியுமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். நாற்பது பேருக்குக் கப்பலில் சமைத்தவர். கரண்டியைப் பிடிக்க முடியாவிட்டாலும் எங்கள் இருவரையும் அதட்டி வேலை வாங்கினார். டிப்போக்காரர்கள் கேண்டீனிலிருந்து சூப் பானைகளை அனுப்பினார்கள். ஒன்பது பானைகளும் எங்கள் கட்டிலில், எங்கள் ரஜாய்ப் போர்வைக்குள், கதகதப்பாகத் தூங்கின. நாங்கள் தரையில் படுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை டிராம் நிறுத்தத்தின் அருகில் மேஜை போட்டு ஒரு அட்டை வைத்தேன்: 'ஒரு கரண்டி தயிர், ஒரு கையெழுத்து, இலவசம்.' முதல் அரைமணி நேரம் ஈ காக்கை வரவில்லை. டேனிஷ்காரர்களுக்கு இலவசம் என்றால் சந்தேகம். ஒரு அம்மாள் வந்து, இது எந்தக் கட்சி என்று விசாரித்தார். இன்னொருவர் பசு இயற்கைத் தீவனம் தின்றதா என்று கேட்டார். பிரேபன்தான் ஒரு காரியம் செய்தார். டிப்போ ஆட்கள் பத்துப் பேரைச் சும்மா வரிசையில் நிற்கச் சொன்னார். வரிசையைப் பார்த்ததும் அந்த ஊருக்கே கை நமநமத்துவிட்டது. எதற்கு என்று கேட்காமலேயே பின்னால் வந்து நின்றார்கள். பதினோரு மணிக்கு வரிசை தேவாலயத்தைச் சுற்றித் திரும்பியது.

அப்போதுதான் கவனித்தேன், யார் யார் வருகிறார்கள் என்று. செய்தி எப்படியோ பரவியிருந்தது. கையுறையைக் கழற்றாதவர்கள். கிண்ணத்தை இரண்டு மணிக்கட்டுகளால் இடுக்கிக்கொண்டு வந்தவர்கள். மூன்றாம் நிலைக்காக வீட்டில் காத்துக்கொண்டிருந்த இரண்டாம் நிலைகள். தாமிரா தன் டிராம் டேனிஷில் ஒவ்வொருவரிடமும், "ராத்திரி ஒரு கரண்டி பால்ல போடுங்க, மறுநாளைக்கு ஒரு கரண்டி எடுத்து வைங்க, பக்கத்து வீட்டுல கேட்டா இல்லைன்னு சொல்லாதீங்க," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டிவிட்டது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறுநூற்றுப் பதினெட்டுக் கையெழுத்துகளின் நகல் ஞாயிறு சாயங்காலமே ம்யூனிக்குக்கும் சென்னைக்கும் போனது. ஜெயசீலன் சார் திங்கட்கிழமை காலை என்னை வேலையிலிருந்து நீக்கினார். நீக்கிய கையோடு, வேறு வழியில்லாமல், மலிவு கேப்ஸ்யூலைப் பட்டியலில் ஏற்றினார். ஆறு டப்பாக்களும் தயிரோடு போட்டி போட்டு விலையைக் குறைத்தன, இந்தத் தடவை நிஜமாகவே. பால் பிடிக்காதவர்கள் கேப்ஸ்யூலை வாங்குகிறார்கள். எனக்கு இப்போது டிப்போ கேண்டீனில் உத்தியோகம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசியாக வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது பானையின் அடி தெரிந்தபோது கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி மேஜை முன்னால் நின்றார். காதில் மாட்டியிருந்த கருவி பேசிய செந்தமிழைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது.

"வணக்கம், நிதிலன் அவர்களே. பொதுவிடத்தில் எங்கள் நுண்ணுயிரைத் தாங்கள் விநியோகித்து வருவதை நேரில் காண வந்தேன்."

"உங்க உரிமை நேத்தோட முடிஞ்சுது மேடம்," என்றேன்.

பிர்கிட்டே மேஜையிலிருந்த நோட்டைக் குனிந்து பார்த்தார். "ஆம். எங்களுடையதாக இல்லாத ஒன்று தங்கள் நிறுவனத்துடையதாகவும் ஆகலாகாது என்பதே எங்கள் நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே நானும் ஒரு சாட்சியாகக் கையொப்பம் இடுகிறேன்."

எதிரி வக்கீலின் கையெழுத்தைவிட உறுதியான சாட்சி எது? நான் பூரித்துப்போய்ப் பேனாவை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. மேஜையில் வையுங்கள் என்று தலையசைத்தார். கையுறைகளைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். பேனாவை இரண்டு முஷ்டிகளுக்கு நடுவில் இடுக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்று வரி இடத்தை அடைத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுதினார். தேதியையும் எழுதினார்.

"உங்க கம்பெனி மருந்துதானே மேடம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தலையைச் சாய்த்துத் தோளில் உரசி, காதிலிருந்த கருவியைக் கீழே விழவைத்தார். பிறகு டேனிஷில், எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இரண்டாம் நிலை."

தாமிரா பானையைச் சாய்த்து, மிச்சமிருந்ததை எல்லாம் வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டுத் தளும்பத் தளும்ப நீட்டினாள். பிர்கிட்டேயால் அதைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் அவருடைய கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.